முயல் படம் போட்ட கண்மை

முகத்தில் பூசுகிற மாவிலும் சைவம் அசைவம் பார்க்கிற காலம் வரும் என்று, பதினாறு வருஷத்துக்கு முன்னால் நான் கீழ்க்கட்டளையில் மாடியறை ஒன்றைப் பிடித்துப் பியூட்டி பார்லர் வைத்தபோது யாராவது சொல்லியிருந்தால், முதல் வேலையாக அவரை உட்கார வைத்து உச்சந்தலையில் குளிரக் குளிர எண்ணெய் தேய்த்துவிட்டிருப்பேன். அன்றைக்குக் கல்யாணப் பெண்களுக்கு இருந்தது ஒரே கவலை. போட்டோவில் வெளுப்பாகத் தெரிய வேண்டும். அதற்காகச் சுண்ணாம்பு அடித்தாலும் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் எங்கள் ஆட்கள் மட்டும்தான். நான் பர்தாவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்கு உட்காருகிறவள். சுற்றுவட்டாரத்து முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பாதி என்னிடம்தான் வரும். "லாத்தா, இந்த லிப்ஸ்டிக்ல பன்னிக் கொழுப்பு ஏதாச்சும் கீதா?" என்று அக்கா முறை வைத்துக் கேட்பார்கள். அவர்களுக்கென்று தனிப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். ஹலால் முத்திரை உள்ள பொருள் மட்டும்தான் அதில் இருக்கும். வேறு பெட்டியில் தொட்ட பிரஷ் ஒன்றுகூடக் கை தவறி அதற்குள் போனதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கர்வத்துக்குக் காரணம் இருக்கிறது. பல்லாவரம் பக்கம் ஒரு பெரிய வீட்டில் நிச்சயதார்த்தத்துக்கு அலங்காரம் செய்யப் போயிருந்தேன். வேலை முடிந்ததும் கண்ணாடிக் கிண்ணத்தில் தளதளவென்று ஆடுகிற புட்டிங் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். இப்படி ஆடுகிற பண்டங்களில் ஜெலட்டின் போடுவார்கள், அதைப் பன்றித் தோலிலிருந்தும் எடுப்பார்கள் என்பதால் கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுவேன். "சேச்சே, கடல்பாசிதான்" என்றாள் வீட்டுக்காரம்மா. சாப்பிட்டேன். மறுநாள் மறுபடி போனபோது சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நேத்து சாப்பிட்டீங்களே, ஜெலட்டின்தான் அது. ஒண்ணும் ஆகலை பாருங்க!" ஒரு நாள் முழுக்கக் கழிந்துவிட்டது. வாயில் எதுவும் மிச்சம் இருக்க வழியில்லை. ஆனாலும் நேராக அவள் வீட்டு வாஷ்பேசினுக்குப் போய் வாய் கொப்பளித்தேன். நிறுத்த முடியாமல் கொப்பளித்தேன். வாசலில் நின்றுகொண்டு அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்பிள்ளையை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. அவள் மகளின் வளைகாப்புக்குக் கூப்பிட்டபோது கையில் சுளுக்கு என்று சொல்லிவிட்டேன்.

இப்படிப்பட்ட என்னிடம்தான் போன ஆவணியில் மாடம்பாக்கத்திலிருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள்.

"எங்க பொண்ணுக்குச் சைவ மேக்கப் போடணுமாம் மேடம். உங்ககிட்ட கிடைக்குமா?" என்றார் அம்மா, கத்தரிக்காய் விலை கேட்கிற தோரணையில்.

"சைவம் இல்லம்மா. வீகன்" என்றாள் மகள்.

"எல்லாம் ஒண்ணுதான். நாங்க பரம்பரையாவே சைவம் மேடம், முட்டை வாசனை கூட ஆகாது. இவ புதுசா பாலையும் விட்டுட்டா. நெய் கிடையாது, தயிர் கிடையாது. சம்பந்தி வீட்டுல காபி குடுத்தா என்ன பண்ணுவாளோன்னு எனக்குத் தூக்கமே வரலை."

பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். அமைதியான முகம். ஆனால் பேச ஆரம்பித்தால் பள்ளிக்கூடத்து டீச்சர். "ரெண்டு விஷயம் அக்கா. மிருகத்துலேர்ந்து எடுத்த எதுவும் அதுல இருக்கக் கூடாது. அது வீகன். செய்யறதுக்கு எந்த மிருகத்து மேலயும் டெஸ்ட் பண்ணியிருக்கக் கூடாது. அது க்ரூயல்ட்டி ஃப்ரீ. ரெண்டும் வேற வேற. ஒண்ணு மட்டும் இருந்தா அதையே பெருசா போட்டு விப்பாங்க. எனக்கு ரெண்டும் வேணும்."

எனக்கு உள்ளே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. போனில் யாரோ ஒரு வெள்ளைத்தோல்காரி அரை மணி நேரம் பேசியிருப்பாள், இது அதைக் கேட்டுவிட்டு வந்து நம் தலையில் கட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன். மேஜை மேல் இருந்த என் கண்மையை அவள் எடுத்துப் பார்த்தாள். கறுப்பும் பொன்னிறமுமான குச்சி. வெளிநாட்டிலிருந்து என் நாத்தனார் பையில் போட்டுக் கொண்டு வந்தது. அழுதாலும் வழியாது, அக்கினி குண்டத்துக்கு முன்னால் உட்கார்ந்தாலும் அசையாது. என் தொழிலில் அதுதான் என் பிரம்மாஸ்திரம். அவள் அதன் பின்பக்கத்தைப் படித்தாள், போனில் எதையோ தேடினாள், பிறகு இரண்டு விரலால் பிடித்து மேஜையின் அந்தக் கோடியில் கொண்டுபோய் வைத்தாள்.

"தேன்மெழுகு இருக்கு, ஆட்டு ரோமத்துலேர்ந்து எடுக்கிற கொழுப்பு இருக்கு. கம்பெனி சைட்ல 'நாங்க விலங்குகள்மேல் சோதிப்பதில்லை, சட்டம் கேட்டால் தவிர'ன்னு போட்டிருக்காங்க. அப்படின்னா எங்கயோ கேட்குது, இவங்க பண்றாங்கன்னு அர்த்தம்."

செத்த எலியைப் பிடித்தமாதிரி என் குச்சியைப் பிடித்தாளே, அதுதான் எனக்கு உறைத்தது.

அம்மா அதற்குள் தன் நிபந்தனையைச் சொன்னார். கண்ணுக்கு மை வைக்காத பெண்ணை மணையில் உட்கார வைக்க மாட்டாராம். மூளிக் கண்ணோடு தாலி வாங்கினால் ஊர் என்ன பேசும்? பெண்ணோ நாலு வருஷமாக மையைத் தொட்டதில்லை. இந்த ஒரு விஷயத்துக்காக வீட்டில் மூன்று வாரமாகச் சண்டை. கடைசியில், அவளுக்கு மனசு ஒப்புகிற மை கிடைத்தால் வைத்துக்கொள்வது என்று முடிவாகி, அதைத் தேடுகிற பாரம் என் தலையில் வந்து இறங்கியிருக்கிறது.

அம்மாவுக்குப் போன் வந்து வெளியே போனதும் அவளே சொன்னாள். படித்து முடித்ததும் அவளுக்கு ஒரு சோதனைக்கூடத்தில் வேலை. முயல்கள் இருக்கிற அறையில்.

"மேக்கப் டெஸ்ட் இங்க தடை அக்கா. எங்களது பூச்சிமருந்து. பெட்டிக்குள்ள முயலை வெச்சு, தலை மட்டும் வெளியே இருக்கும். காலால கண்ணைத் தேய்ச்சுக்க முடியாது. நான்தான் கண்ணுல சொட்டு விடணும். அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போய், எவ்வளவு செவந்திருக்குன்னு பார்த்து எழுதணும். அது கத்தாது. என்னைப் பார்த்துக்கிட்டே இருக்கும். ரெண்டு வருஷம் பண்ணேன். அதுக்கப்புறம் பென்சிலைக் கண்ணுகிட்ட கொண்டு போனா கை நின்னுடுது. வெளிநாட்டுல மைக்காகவே இப்படிப் பண்றவங்க இன்னும் இருக்காங்க. நீங்க ஹலாலுக்குத் தனிப் பெட்டி வெச்சு அவ்வளவு சுத்தமா பார்ப்பீங்கன்னு சொன்னாங்க. அதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க பார்த்துச் சொன்னா நான் நம்பிக் கண்ணைக் காட்டுவேன்."

காதில் விழுந்தது. விழவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் அப்போது கொண்டை ஊசிகளைப் பெரிது சிறிது பிரித்துக்கொண்டிருந்தேன். மாசமானால் சம்பளத்தை வாங்கிக்கொண்டுதானே சொட்டு விட்டாய், இப்போது என்ன முயலுக்கு மூக்கைச் சிந்துகிறாய் என்றுதான் மனசுக்குள் ஓடியது. வாய் மட்டும், "நான் பார்த்துக்கறேம்மா, கவலைப்படாதே" என்றது.

அன்றிலிருந்து பிடித்தது சனி. மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் நான் வழக்கமாக வாங்குகிற கடைக்குப் போனேன். கடைக்காரர் அழகுப்பொருள் விற்று அந்தத் தெருவிலேயே மூன்று கடை ஆக்கினவர். வீகன் என்றதும் ஒரு லிப்ஸ்டிக்கை எடுத்துப் போட்டார்.

"பச்சைப் புள்ளி கீது பாரு மேடம். ப்யூர் வெஜ்."

"வெஜ் இல்லைண்ணா, வீகன். இதுல தேன்மெழுகு போட்டிருக்கே."

"தேனு இன்னா கறியா மேடம்? சாமிக்கே அபிஷேகம் பண்றான்!"

பச்சைப் புள்ளி இருந்தால் ஆடு மாடு கோழி இல்லை என்று வேண்டுமானால் நம்பலாம். தேனீயும் பாலும் அந்தப் புள்ளிக்குள் ஒளிந்துகொள்ளும். இதை அவருக்கு விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டது. அடுத்து முயல் படம் போட்ட பெட்டிகளை அடுக்கினார். எத்தனை முயல்! ஓடுகிற முயல், குதிக்கிற முயல், இலைக்குள் பதுங்கின முயல், நெஞ்சில் இதயம் வரைந்த முயல். இதில் உண்மையில் யாரோ ஆராய்ந்து கொடுத்த முத்திரைகள் சிலதுதான். அப்படிக் கொடுக்கிற அமைப்புகள் தங்கள் சைட்டில் கம்பெனிகளின் பட்டியல் வைத்திருக்கும். பெயர் அதில் இருந்தால் முயல் நிஜம், இல்லாவிட்டால் அச்சாபீஸில் பெற்றெடுத்த முயல். போனில் பார்த்தேன். கடைக்காரர் காட்டின ஏழில் ஐந்து அச்சாபீஸ் ஜாதி.

"பேஜாரு பண்ணாத மேடம். முயல் படம் போட்டுகீறான். இன்னா, உயிரோட ஒண்ணு உள்ள வெச்சுத் தரணுமா? ஒரிஜினல்னா ஒரிஜினல்தான்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். இவர் முயலுக்கு அந்தக் காலும் இல்லை.

சரி, பெட்டியின் பின்பக்கத்தையே படித்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். பதினாறு வருஷமாக நான் எதையெல்லாம் ஊரார் முகத்தில் அப்பியிருக்கிறேன் என்று அந்த ஒரு வாரத்தில்தான் தெரிந்தது. லிப்ஸ்டிக்கின் அழகான சிவப்புக்கு ஒரு பூச்சியைக் காயவைத்து அரைக்கிறார்கள். அதைப் பூச்சி என்று எழுதுவார்களா? 75470 என்று பஸ் நம்பர் மாதிரி ஓர் எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நகப்பூச்சின் பளபளப்புக்கு அரக்கு, அதுவும் ஒரு பூச்சி கக்குவதுதான். சில கண்ணிமைப் பொடிகள் மின்னுவதற்கு மீன் செதில். எங்கள் தெருவில் கோவளத்திலிருந்து கூடையில் வஞ்சிரம் கொண்டு வருகிற அக்கா, சுரண்டிச் சுரண்டிச் சாக்கடை ஓரம் தள்ளுகிறாரே, அதே சமாச்சாரம். அதற்குப் பிரெஞ்சுப் பெயர் வைத்துக் கண்ணாடி டப்பாவில் அடைத்தால் நாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். கிளிசரின் என்று இருந்தால் அது தேங்காயிலிருந்து வந்ததா, மாட்டுக் கொழுப்பிலிருந்து வந்ததா என்பது எழுதியவனுக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். கம்பெனிக்கு எழுதிக் கேட்டால், "உங்கள் அக்கறைக்கு நன்றி" என்று பதில் வரும். கேள்விக்குப் பதில் வராது.

இது போதாதென்று பிரஷ். கன்னத்துக்குப் போடும் என் பெரிய பிரஷ் ஆட்டு முடி. பூவாய்ப் படியும். அதுவும் கூடாதாம். வருஷா வருஷம் பக்ரீத்துக்கு ஆடு அறுத்துக் குர்பானி கொடுக்கிற வீட்டுக்காரி நான், ஆட்டு முடிக்காக அழ வேண்டுமா? முணுமுணுத்துக்கொண்டே நைலான் பிரஷ் செட் ஒன்று வாங்கினேன். ஒட்டு இமைகூட நிஜ முடியில் இருக்கக் கூடாதென்று தேடி மாற்றினேன். சும்மா சொல்லக் கூடாது, நைலான் பிரஷ் நன்றாகவே இருந்தது. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

கடைசியில் கண்மையும் கிடைத்தது. ஒரு சின்னக் கம்பெனி. விளக்கெண்ணெய், செடியிலிருந்து எடுத்த மெழுகு, கறுப்பு நிறமி, அவ்வளவுதான். முயல் படம் உண்டு, பட்டியலில் பெயரும் உண்டு. அவளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் தாய்க்கம்பெனி வரைக்கும் தேடினாள். அது வேறு ஒரு பூதம்: குட்டிக் கம்பெனி முயலைக் கொஞ்சும், அதை வாங்கிய பெரிய கம்பெனி இன்னொரு நாட்டில் முயலைப் பெட்டிக்குள் வைக்கும். இதற்குத் தாயும் இல்லை தகப்பனும் இல்லை என்று தெரிந்ததும், "தேங்க்ஸ் அக்கா. இதுதான்" என்று அனுப்பினாள். செய்தியின் கடைசியில் ஒரு முயல் பொம்மைப் படம் வேறு.

கல்யாண நாள் காலை ஆறு மணிக்கு வேங்கைவாசல் பக்கத்து மண்டபத்தில் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தேன். வாயில் ஒரு கேள்வியைத் தயாராக வைத்திருந்தேன். முயலுக்கு இரக்கப்படுகிறவள் பட்டுப்புடவை கட்டுவாளே, ஒரு புடவைக்கு எத்தனை புழுவை வெந்நீரில் போடுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுவது என்று இருந்தேன். அவள் பையிலிருந்து கூறைப்புடவையை எடுத்தாள். அரக்குச் சிவப்பில் சரிகை போட்ட நூல் புடவை. "இதுக்கு அம்மா ஒரு வாரம் பேசலை" என்றாள். என் கேள்வி தொண்டையிலேயே செத்தது. ஒருவரைக் கேலி செய்யலாம் என்று காத்திருந்து, அதற்கு இடம் கிடைக்காமல் போனால் வருகிற கோபம் இருக்கிறதே, அது தனி ரகம். அந்தக் கோபத்தோடுதான் வேலையை ஆரம்பித்தேன்.

எங்கள் தொழிலில் எதையும் குச்சியிலிருந்தோ டப்பாவிலிருந்தோ நேராக முகத்தில் வைப்பதில்லை. கொஞ்சம் சுரண்டித் தட்டில் எடுத்து, அங்கிருந்து பிரஷ்ஷால் தொட்டு வைப்போம். ஒருவர் கண்ணில் பட்டது இன்னொருவர் கண்ணுக்குப் போகக் கூடாது. என் தட்டு ஸ்டீல். திருமுடிவாக்கத்துப் பட்டறையில் வேலை செய்கிற என் வீட்டுக்காரர், மிச்சத் தகட்டில் வெட்டி, ஓரம் ராவிக் கொடுத்தது. தட்டில் வந்துவிட்டால் எல்லா மையும் ஒரே கறுப்புதான்.

முகம் நன்றாக வந்தது. மை வந்தபோது அவள் நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணை மேலே தூக்கினாள். இமை படபடத்தது. மெதுவாக இழுத்தேன். கோடு நேராக விழுந்தது. "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்றேன். மூச்சை விட்டாள். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, அந்த அறையின் ஏசியும் வேலை செய்யவில்லை, கண்ணுக்குக் கீழே கறுப்பு வழிந்து கன்னத்துக்கு வந்துவிட்டது. துடைத்தேன், பவுடர் வைத்தேன், மறுபடி போட்டேன். மறுபடி வழிந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "ஐயையோ, என்ன மேடம் இது, அழுத மாதிரி இருக்கு! நல்ல காரியத்துல இப்படியா?" என்று தலையில் கை வைத்தார். வாசலில் போட்டோக்காரர், "லேட் ஆவுது மேடம், அய்யரு கூப்ட்டுகினே கீறாரு" என்று கதவைத் தட்டினார்.

பெட்டியின் அடியில் கறுப்பும் பொன்னிறமுமான குச்சி இருந்தது. எடுத்தேன். தட்டில் சுரண்டினேன். அவசரத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பொய். அவசரம் இருந்தது உண்மை, ஆனால் அந்த நிமிஷம் என் மனசில் ஓடிய வரி எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது: எந்த முயல் வந்து சாட்சி சொல்லப் போகிறது?

"அக்கா, இது அதேதானே?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"அதேதாம்மா. கொஞ்சம் கெட்டியா எடுத்திருக்கேன்."

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மேலே தூக்கினாள். இந்தத் தடவை இமை அவ்வளவு படபடக்கவில்லை.

மை நின்றது. ஹோமப் புகையில் நின்றது. தாலி ஏறியபோது அவள் அழுதாளே, அதிலும் நின்றது. அம்மாவே வந்து என் கையைப் பிடித்து, "லட்சுமி மாதிரி இருக்கா" என்றார். அந்த மையிலேயே கொஞ்சம் தொட்டு மகள் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் வைத்தார்.

ராத்திரி வரை அடக்க முடியாமல் மத்தியானச் சாப்பாட்டிலேயே வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். முயல், பூச்சி நம்பர், தாய்க்கம்பெனி எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு கேட்டுச்சா, அதேதானான்னு?"

"கேட்டா."

"நீ இன்னா சொன்ன?"

"அதேதான்னேன். பின்னே மேடையில வழியட்டும்னு விடறதா?"

அவர் ரசத்துக்குச் சோறு போட்டுக்கொண்டார். மனுஷனுக்குத் தமாஷ் புரிவதில்லை என்று நானும் எழுந்துவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அவள் மட்டும் பார்லருக்கு வந்தாள். கல்யாணக் களை இன்னும் முகத்தில் இருந்தது. கண்ணில் மை இல்லை. பால் சேர்க்காத இனிப்பு என்று ஒரு டப்பாவைக் கொடுத்துவிட்டு, கைப்பையிலிருந்து முயல் படம் போட்ட அந்தக் கண்மையை எடுத்தாள். புதுசு. அவளே வாங்கியிருக்கிறாள்.

"நீங்க போட்டதேதான் அக்கா. இப்பல்லாம் கண்ணுகிட்ட கொண்டு போனா கை நிக்கவே இல்லை, நானே தினமும் போட்டுக்கறேன். நாலு வருஷத்துக்கு அப்புறம்! ஆனா பத்து நிமிஷத்துல வழிஞ்சுடுது. கழுவிட்டுத்தான் வெளியே வர முடியுது. உங்க கையில மட்டும் மை எப்படி நின்னுச்சு? அன்னிக்கு நான் எவ்வளவு அழுதேன்!"

"அது... கைப்பக்குவம்மா" என்றேன்.

"தெரியும். அதைக் கத்துக்கத்தான் வந்தேன். போட்டுக் காட்டுங்க."

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பிடியைப் பிடிக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, கண்ணை மேலே தூக்கி என்னிடம் காட்டிக்கொண்டு இருந்தாள்.

நான் அந்தக் குச்சியைத் திறந்தேன். தட்டில் சுரண்டினேன். பவுடர், கெட்டியாக எடுப்பது, அடியில் கிரீம் தடவாமல் இருப்பது என்று சொல்வதற்கு ஆயிரம் வித்தை இருக்கிறது. அதில் நாலைச் சொல்லி அனுப்பினால் போய்விடுவாள். வழிந்தால், உன் சருமம் அப்படி என்று சொல்லலாம். பிரஷ்ஷைத் தொட்டுக் கண்ணருகே கொண்டு போனேன். என் கை நின்றுவிட்டது.

ஹலால் பெட்டி மேஜைக்குக் கீழே இருந்தது. அதற்குள் ஒரு பிரஷ் மாறிப் போகாமல் பதினாறு வருஷம் பார்த்த கை இது. எங்களுக்கு ஹராம் என்றால் ஊரே ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். இவளுக்கு ஒன்று ஹராமாக இருந்ததும் அதற்குப் பெயர் பேஷன் என்று நானே வைத்துக்கொண்டேன். த்தூ என்று என்னைத்தான் துப்ப வேண்டும்.

"அன்னிக்குப் போட்டது இது இல்லம்மா" என்றேன்.

அவள் கண்ணை இறக்கவில்லை. "அப்ப எது?"

மேஜையின் கோடியில் இருந்தது. அவள் அன்று வைத்த அதே கோடி. நான் விரலைக் காட்டினேன். "மூணாவது தடவை போட்டது அது. நீ கேட்டே. நான் பொய் சொன்னேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அம்மா நச்சரித்ததையும் ஏசி ஓடாததையும் சொல்லிப் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவள் அந்தக் குச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து மூலையில் இருந்த வாஷ்பேசினுக்குப் போனாள். குழாயைத் திறந்து, இரண்டு கையிலும் தண்ணீர் பிடித்துக் கண்ணில் அடித்தாள். மறுபடியும் பிடித்து அடித்தாள். சுடிதாரின் முன்பக்கமெல்லாம் நனைந்தது. நிறுத்தவில்லை.

கல்யாணம் முடிந்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. இப்போது அவள் கண்ணில் ஒரு பொட்டு மைகூட இல்லை.

"ஒண்ணும் ஆகலையேம்மா" என்று சொல்ல வாய் திறந்தேன். புட்டிங்காரி சிரித்துக்கொண்டே சொன்ன வார்த்தை அது. அப்படியே விழுங்கிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றேன். அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை.